பெங்களூரில் ஐ.டி. வேலை, வீட்டில் ஹாம் ரேடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு பெல்லந்தூரில் வேலை, பி.டி.எம். லேஅவுட்டில் மூன்றாவது மாடி வாடகை வீடு. பால்கனியில் ஒரு ஒயர் தொங்குகிறது, மேசையில் ஒரு ரேடியோ இருக்கிறது. ஆபீஸ் சாப்பாட்டு மேசையிலும் லிஃப்டிலும் ஓசூர் வழியாக ஊருக்குப் போகும் பஸ்ஸிலும் ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்டுக் கேட்டு, அவற்றுக்கான பதில்களை ஓர் இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. கேட்டவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல ஐ.டி.யில் இருப்பவர்கள். அதனால் ஆபீஸ் பேச்சும் கலந்தேதான் வரும்.

ஹாம் ரேடியோன்னா என்ன? வாட்ஸ்ஆப் இருக்கும்போது இது எதுக்கு?

தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கிய தனி மனிதர்கள், தங்களுக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில், காசு எதுவும் வாங்காமல் பேசிக்கொள்வதும் சோதனை செய்து பார்ப்பதும்தான் அமெச்சூர் வானொலி. ஹாம் என்பது அதற்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர்.

வாட்ஸ்ஆப்பில் ஒரு ‘சரி’ அனுப்பினால் அது டவர், ஃபைபர், டேட்டா சென்டர் என்று எத்தனையோ பேருடைய கருவிகளைத் தாண்டிப் போகிறது. ஹாமில் உங்கள் ஒயரிலிருந்து கிளம்பிய அலை, சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து, இன்னொருவருடைய ஒயரில் வந்து இறங்குகிறது. நடுவில் யாரும் இல்லை. ஓர் எல்.இ.டி. டியூப்லைட் எரிய ஆகும் 20 வாட்டில் நான் ஜப்பானில் ஒருவரோடு பேசியிருக்கிறேன். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் மற்ற எல்லாம்.

லைசென்ஸ் கண்டிப்பா வேணுமா? வாக்கி-டாக்கி ஆன்லைன்லயே கிடைக்குதே?

கண்டிப்பாக வேண்டும். உரிமம் இல்லாமல் ஒலிபரப்பும் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்று 1933ஆம் ஆண்டின் வயர்லெஸ் தந்திச் சட்டமே சொன்னது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதி வேண்டும் என்றே சொல்கிறது. பாஃபெங் மாதிரியான சின்னக் கைக்கருவிகள் ஹாம் அலைவரிசைக்கு வெளியேயும் ஒலிபரப்பும். பழக்கமில்லாதவர் கையில் அது போலீஸ், தீயணைப்பு போன்றவர்களின் அலைவரிசையில் போய் விழலாம். ஆன்லைனில் விற்கிறார்கள் என்பதால் அது சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. 446 மெகாஹெர்ட்ஸை ஒட்டி உரிமம் தேவைப்படாத குறைந்த சக்தி வாக்கி-டாக்கிகள் உண்டு. மலை ஏறும்போது நண்பர்களோடு பேச அவை போதும். ஆனால் அது ஹாம் இல்லை.

பரீட்சை கஷ்டமா? மோர்ஸ் கத்துக்கணுமா?

தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தேர்வை நடத்துகிறது. விண்ணப்பம் ‘சரல் சஞ்சார்’ தளத்தில். 12 வயது ஆனவர் யாரும் எழுதலாம். இரண்டு நிலைகள் உண்டு: ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல். ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை) தேவையில்லை, அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் போதும். ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 வார்த்தை வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். ரெஸ்ட்ரிக்டட் காரர்களின் அழைப்புப் பெயர் (ஒவ்வொரு ஹாமுக்கும் தனியாகத் தரப்படும் அடையாளக் குறி) வி.யூ.3 என்றும், ஜெனரல் காரர்களுடையது வி.யூ.2 என்றும் தொடங்கும். பொறியியல் படித்தவருக்கு ஓம் விதியும் ஒத்ததிர்வும் தூசி தட்டினால் திரும்ப வந்துவிடும். மாலை ஒரு மணி நேரம் என்று இரண்டு மாதம் உட்காருங்கள். தேர்வை விட, அதன் பிறகு லைசென்ஸ் கைக்கு வரும் வரையிலான காத்திருப்புதான் நீளம். அதற்குப் பொறுமை வேண்டும்.

பெங்களூரில் இருப்பது இதற்கு நல்ல வாய்ப்பு. பெங்களூர் அமெச்சூர் ரேடியோ கிளப் 1959 முதல் இருக்கிறது. இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹாம்ஸ் தேர்வுக்கு வகுப்பு நடத்துகிறது. தனியாகப் படிப்பதைவிட அங்கே ஒருமுறை போய்ப் பழகியவர்களோடு உட்காருவது மேல்.

லைசென்ஸ் வர்ற வரைக்கும் சும்மாவா இருக்கறது?

கேளுங்கள். நன்றாகக் கேட்கத் தெரிந்தவர்தான் பின்னால் நன்றாகப் பேசுவார். உலகம் முழுக்கப் பலர் தங்கள் ரிசீவரை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ரிசீவரை எந்த பிரவுசரிலும் திறந்து, நீங்களே அலைவரிசையைத் திருகலாம். எவர் எப்படி அழைக்கிறார், எப்படி விடைபெறுகிறார் என்பதெல்லாம் காதில் ஏறும். காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் தென்னிந்தியர்கள் கூடிப் பேசுவதையும் இந்தியாவில் உள்ள ரிசீவர்களில் கேட்கலாம்.

சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் வரும் குரலைப் பிடிப்பது அடுத்த படி. இந்த ஊருக்கு விண்வெளியோடு தனி உறவு உண்டு. இஸ்ரோ 2005 மே 5 அன்று பி.எஸ்.எல்.வி. சி-6இல் அனுப்பிய ஹாம்சாட், ஹாம்களுக்கென்றே செய்யப்பட்ட 42.5 கிலோ செயற்கைக்கோள். அதன் இரண்டு டிரான்ஸ்பாண்டர்களில் (கீழிருந்து வரும் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகளில்) ஒன்றைச் செய்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு மாணவர். அது 2014 வரை வேலை செய்தது. அதன் வழியாகப் பேசிய மூத்தவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள்.

முதல்ல எந்த ரிக் வாங்கலாம்? எவ்வளவு ஆகும்?

ரிக் என்பது நாங்கள் ரேடியோவைச் சொல்லும் பெயர். ஊருக்குள் பேச, 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் கைக்கருவி சில ஆயிரம் ரூபாயில் முடியும். நாடு விட்டு நாடு பேசும் எச்.எஃப். (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலை) ரிக் என்றால் விலை ஏறும். ஐகாம் 7300 மாதிரியான 100 வாட் புது ரிக் லட்சத்தைத் தாண்டும். சம்பளம் கைநிறைய வருகிறதே என்று முதல் மாதமே அதை வாங்காதீர்கள். ஆன்டெனா கட்ட இடமில்லாதவருக்கு 100 வாட்டால் பெரிய பயன் இல்லை, அக்கம்பக்கத்து வீட்டு டி.வி.க்கும் மோடத்துக்கும் தொந்தரவுதான். 10, 20 வாட்டில் தொடங்குங்கள்.

என் மனசுக்கு நெருக்கமானது பிட்எக்ஸ் என்ற, நாமே கட்டிக்கொள்ளும் ரிக். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்தது. இந்தியாவில் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே கட்ட முடிய வேண்டும் என்று யோசித்துச் செய்தார். காயில் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாயில் போடும் வாஷரைப் பயன்படுத்தினார் என்றால் பாருங்கள். அந்தச் சர்க்யூட்டை இன்று உலகம் முழுக்கக் கட்டுகிறார்கள். நீங்களும் ஒன்றைக் கையால் சால்டர் செய்து பாருங்கள். எஸ்.பி. ரோட்டில் ஒரு சனிக்கிழமை நடந்தால் ரெசிஸ்டரிலிருந்து கனெக்டர் வரை கிடைக்கும், பல கடைகளில் தமிழிலேயே கேட்கலாம்.

மூணாவது மாடி, வாடகை வீடு. ஓனர் ஆணி கூட அடிக்க விடமாட்டார். ஆன்டெனா எங்க கட்டுறது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கணக்கு எளிது. 142.5-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை ஒயரின் நீளம் மீட்டரில் வரும். 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு 10 மீட்டர். 7.1-க்கு 20 மீட்டர். 145-க்கு கால் அலை வெறும் 49 சென்டிமீட்டர், அது ஜன்னல் ஓரத்திலேயே நிற்கும். நான் செய்தது இது: பத்து மீட்டர் மெல்லிய ஒயர், ஒரு முனையில், ஒயரையும் கேபிளையும் பொருந்த வைக்கும் 49:1 டிரான்ஸ்ஃபார்மர். அந்த முனை பால்கனிக் கம்பியில், மறுமுனை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் குழாயில் நைலான் கயிற்றோடு. ஒயர் சாம்பல் நிறம், சுவரும் சாம்பல் நிறம். ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை.

ஆனால் திருட்டுத்தனமாகக் கட்டாதீர்கள். நான் முதலில் ஓனரிடம் லைசென்ஸைக் காட்டினேன். அவருடைய பையனை உட்கார வைத்து இலங்கையிலிருந்து ஒருவர் பேசியதைக் கேட்க வைத்தேன். அடுத்த வாரம் மொட்டை மாடிச் சாவியை அவரே கொடுத்தார். என்ன கட்டுகிறோம் என்று தெரியாதபோதுதான் எவருக்கும் பயம் வருகிறது.

ரிக்கிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளில் சிக்கனம் வேண்டாம். மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் 15 மீட்டர் ஓடினால், 145 மெகாஹெர்ட்ஸில் நீங்கள் அனுப்பும் சக்தியில் ஏறத்தாழ பாதி கேபிளிலேயே சூடாகிப் போய்விடும். தடித்த ஆர்.ஜி.213 போட்டால் அந்த இழப்பு ஏறத்தாழ பாதியாகக் குறையும். 7, 14 மெகாஹெர்ட்ஸில் இவ்வளவு மோசமில்லை.

இடி மின்னல் வந்தா வீட்டுக்குள்ள இழுத்துக்காதா?

ஏப்ரல், மே மாத மாலை மழைக்கு முன்பே கேபிளைக் கழற்றி வெளியே விட்டுவிடுங்கள். பேசாத நேரத்தில் எப்போதும் கழற்றி வைப்பது இன்னும் நல்ல பழக்கம். அம்மா கேட்ட கேள்வி இது. பதில் சொன்ன பிறகும் மழை என்றால் போன் செய்து ‘கழட்டிட்டியா’ என்கிறார். அவர் சொல்வது சரிதான்.

எல்லாம் கட்டிட்டேன், ஆன் பண்ணா ஒரே ‘உஸ்’ சத்தம். யாரும் கேட்கலை. ரிக் போயிடுச்சா?

ரிக் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் வீடு இரைகிறது. லேப்டாப் சார்ஜர், மலிவான எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், ரவுட்டரின் அடாப்டர் என்று இன்று வீட்டில் உள்ள எல்லாவற்றிலும் நொடிக்குப் பல்லாயிரம் முறை சுவிட்ச் ஆகும் சர்க்யூட் உண்டு. அதன் கசிவு எச்.எஃப். முழுக்கப் பரவுகிறது.

கண்டுபிடிக்கும் முறை: ரிக்கை பேட்டரியில் ஓட்டுங்கள். வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் இறங்கினால் குற்றவாளி உள்ளே இருக்கிறார். பிறகு எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எது போட்டதும் ரிக்கில் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டர் ஏறுகிறதோ அந்த அறைக்குப் போய் ஒவ்வொரு பிளக்காகப் பாருங்கள். என் வீட்டில் எஸ்-மீட்டர் 9இல் நின்றது. மெயினை அணைத்ததும் 5. எஸ் அளவில் ஒரு படி 6 டெசிபல், அதாவது சக்தியில் நான்கு மடங்கு. நான்கு படி என்றால் 256 மடங்கு இரைச்சல் என் வீட்டுக்குள்ளேயே பிறந்துகொண்டிருந்தது. காரணம் ஒரே ஒரு லேப்டாப் சார்ஜர். அதன் ஒயரை ‘மிக்ஸ் 31’ என்ற வகை ஃபெரைட் வளையத்தில் (ஒயரில் ஏறும் இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம்) பத்துச் சுற்று சுற்றியதும் பெரும்பகுதி அடங்கியது. மீதி, மாடிப்படி விளக்கிலிருந்து வந்தது. அசோசியேஷனிடம் கேட்டு என் செலவில் வேறு பல்பு போட்டேன்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த வருடம் ஆபீஸில் ஒரு பேட்ச் ஜாப் வாரத்தில் இரண்டு நாள் அதிகாலை 3 மணிக்குத் தொங்கிவிடும். போன் அடிக்கும், எழுந்து ரீஸ்டார்ட் செய்வேன், டிக்கெட்டை மூடுவேன். காரணத்தைத் தேட நேரம் கேட்டால், சேவை திரும்ப வந்துவிட்டதே, அடுத்ததைப் பாருங்கள் என்பார்கள். ஏழு மாதம் இப்படியே போனது. அந்த டிக்கெட்டுகள் எல்லாம் ‘தீர்க்கப்பட்டது’ என்றே பதிவாகியிருக்கின்றன. எதுவும் தீரவில்லை. வீட்டில் அந்த இரைச்சலை இரண்டே மாலையில் வேர் வரை போய்ப் பிடித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒரு கோளாறுக்குக் கடைசி வரை கூடவே போக நேரம் கிடைப்பது அவ்வளவு அரிதாகிவிட்டிருந்தது.

நான் பேச ஆரம்பிச்சா வைஃபை போகுது, மவுஸ் நின்னுடுது. ஏன்?

முந்தைய பதிலின் மறுபக்கம் இது. அங்கே வீட்டுக் கருவிகள் ரிக்கைத் தொந்தரவு செய்தன, இங்கே ரிக் அவற்றைத் தொந்தரவு செய்கிறது. நான் சொன்ன ஒரு முனை ஒயர் ஆன்டெனாவில் கோஆக்ஸ் கேபிளின் வெளிப்புறமும் சேர்ந்து அலையை வீசும். அது மேசை வரை வந்து யு.எஸ்.பி. ஒயர்களில் ஏறிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் அருகே கேபிளை ஃபெரைட் வளையத்தில் சுற்றுங்கள், மேசைப் பக்கமும் ஒன்று போடுங்கள். மவுஸ், கீபோர்டு ஒயர்களுக்குச் சின்னக் கவ்வி ஃபெரைட் போதும். அப்புறமும் நின்றால் சக்தியைக் குறையுங்கள். வீட்டில் ஒருவர் மீட்டிங்கில் இருக்கும்போது ஒலிபரப்பாமல் இருப்பது மரியாதை.

எஃப்.டி.8-ன்னு ஒண்ணு இருக்காமே, பேசவே வேண்டாமாம். ஆபீஸ் லேப்டாப்ல போட்டுக்கலாமா?

எஃப்.டி.8 என்பது 2017இல் வந்த டிஜிட்டல் முறை. ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கியது. டெய்லர் 1993இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். 15 நொடிக்கு ஒரு முறை சின்னச் செய்தி போகும். காதுக்கே எட்டாத சிக்னலையும் கணினி பிரித்தெடுக்கும். இரைச்சல் மிகுந்த நகர வீட்டுக்குப் பெரிய உதவி.

ஆபீஸ் லேப்டாப் வேண்டாம். மென்பொருள் போட அட்மின் உரிமை இருக்காது, யு.எஸ்.பி. அடைபட்டிருக்கும், செக்யூரிட்டி குழுவிலிருந்து மெயில் வரும். அது கம்பெனியின் சொத்து, அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு அதற்கென்றே வையுங்கள். இன்னொன்று: எஃப்.டி.8-க்குக் கடிகாரம் ஒரு நொடிக்குள் சரியாக இருக்க வேண்டும். எதுவும் டிகோட் ஆகவில்லை என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு கடிகாரம்தான் பிழை. சர்வர்களில் என்.டி.பி. (கடிகாரத்தை நெட் வழியாகச் சரிசெய்யும் முறை) பார்த்தவர்கள் தங்கள் மேசையில் அதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

நெட் போயிடுச்சுன்னா ரேடியோ வழியா சர்வர்ல லாகின் பண்ணி வேலை பார்க்க முடியுமா?

கூடாது. இரண்டு காரணங்கள் விதியிலேயே இருக்கின்றன: தொழில் சம்பந்தமான தகவல் எதையும் ஹாம் அலைவரிசையில் அனுப்பக் கூடாது. மறைகுறியீடும் கூடாது, எல்லோருக்கும் புரியும் வெளிப்படையான மொழியில் இருக்க வேண்டும். சர்வரில் லாகின் செய்யும் எஸ்.எஸ்.எச். முழுக்க மறைகுறியீடு. பழகிவிட்ட நமக்கு இது விசித்திரமாக இருக்கும். நாம் என்ன பேசுகிறோம் என்பதை யாரும் கேட்கலாம் என்பதுதான் இங்கே நம்பிக்கையின் அடிப்படை.

வேகமும் இடம் தராது. ஹாமில் கணினித் தகவலை அனுப்பும் பாக்கெட் ரேடியோவின் வழக்கமான வேகம் நொடிக்கு 1200 பிட். ஒரு மெகாபைட் போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். நெட் போனால் ரவுட்டருக்கு பேட்டரி வையுங்கள், மொபைலில் இன்னொரு சிம் வையுங்கள். ரிக்குக்கு நான் வைத்திருக்கும் 12.8 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியே கரண்ட் போகும் நாளில் ரவுட்டரையும் ஓட்டுகிறது. முழுதாகச் சார்ஜ் ஆனால் அது 14 வோல்ட்டைத் தாண்டும் என்பதால் நடுவே 12 வோல்ட் ரெகுலேட்டர் போட்டிருக்கிறேன். அந்த ரெகுலேட்டரும் இரைச்சல் போட்டது, வைத்தியம் மேலே சொன்ன ஃபெரைட்தான்.

தமிழ்ல பேசலாமா?

பேசலாம். அழைப்புப் பெயரைத் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்லுங்கள், அரசியலும் வியாபாரமும் வேண்டாம். காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் கொங்குத் தமிழும் நெல்லைத் தமிழும் கேட்கும்போது, பெங்களூரில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

வெள்ளம், புயல்னு வந்தா நிஜமாவே உதவுமா, சும்மா சொல்றாங்களா?

உதவியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது ஒரு ஹாம் குழு தற்செயலாக போர்ட் பிளேரில் இருந்தது. மற்ற தொடர்புகள் அறுந்த நிலையில், அந்தமானிலிருந்து தகவல்களை எச்.எஃப்.இல் இந்தியப் பெருநிலத்துக்கு அனுப்பினார்கள். அதற்குத் தேவையானவை பேட்டரி, ஒயர், பழகிய கை. நம் கம்பெனிகளின் பேரிடர் திட்டக் கோப்புகளில் மாற்று இணைப்புக்கு மாற்று இணைப்பு எல்லாம் இருக்கும், ஆனால் அதை நிஜமாக ஒருமுறை சுவிட்ச் போட்டுப் பார்த்த நாள் இருக்காது. ஹாமில் ஒவ்வொரு வாரமும் பேசுவதே அந்த ஒத்திகை.

நாள் பூரா ஸ்கிரீன், ஆன்-கால் வேற. இதுக்கு நேரம் எங்க இருக்கு? இதுவும் இன்னொரு ஸ்கிரீன்தானே?

ஆன்-கால் வாரத்தில் நான் ரிக்கை ஆன் செய்வதில்லை. காதில் ஹெட்போன் இருக்கும்போது ஆபீஸ் போன் அடித்தால் இரண்டும் கெடும். மற்ற வாரங்களில் காலை ஆறரை முதல் ஏழே கால் வரை, ஆபீஸின் காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு வெகுநேரம் முன்பே. மாலையில் சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வந்த களைப்பில் எதுவும் முடியாது, அதையும் ஏற்றுக்கொண்டேன்.

ஸ்கிரீன் என்பது பாதி உண்மை. எஃப்.டி.8 மட்டும் செய்தால் இன்னொரு டாஷ்போர்டாகவே ஆகிவிடும், எனக்கும் ஒரு வருடம் அப்படி ஆனது. அதனால்தான் மோர்ஸ் கற்றுக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே செய்யலாம்.

இத்தனை வருஷம் டிபக்கிங் பண்ணியிருக்கேன், ரேடியோ ரிப்பேர் ஈஸியா வருமா?

முறை வரும், உள்ளுணர்வு தவறாக இழுக்கும். என் கதையைக் கேளுங்கள். ஒரு கோடையில் பகல் 11 மணிக்கு மேல் எஸ்.டபிள்யூ.ஆர். திடீரென 4-க்குப் போகும். அதாவது அனுப்பும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது. இரவில் பார்த்தால் 1.3, எந்தக் குறையும் இல்லை. நான் மென்பொருள்காரன், அதனால் ரிக்கின் ஃபர்ம்வேரைச் சந்தேகப்பட்டேன். இரண்டு முறை அப்டேட் செய்தேன், செட்டிங் எல்லாம் அழித்துத் திரும்பப் போட்டேன். மூன்று வாரம் போனது.

கிளப்பில் இருந்த ஒரு பெரியவர் ஒன்றே ஒன்று கேட்டார்: ‘வெயில் எந்தப் பக்கம் அடிக்குது?’ பால்கனியில் காலை 11 மணிக்கு மேல் நேர் வெயில். ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு போய்க் கேபிள் முனையில் இருந்த கனெக்டரைச் சூடு செய்தேன். ஒரு நிமிடத்தில் மீட்டர் 4-க்கு ஏறியது. உள்ளே நடுக் கம்பியை நான்தான் ஈயம் சரியாக உருகாமல் சால்டர் செய்திருந்தேன். சூட்டில் அது கொஞ்சம் விலகி, குளிர்ந்ததும் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தது. வெட்டி எடுத்துவிட்டு, நல்ல சூட்டில், ஈயம் உள்ளே ஓடுவதைப் பார்த்துப் பார்த்து மறுபடி செய்தேன். மறுநாள் மதியம் ஒரு மணி வெயிலில் மீட்டர் 1.3-ஐ விட்டு நகரவில்லை.